மாமா தொடாத கறுப்பு மந்திரம்

என் வயதுக்காரர்களே, சமாதான காலத்தைப் பற்றி நீங்கள் பள்ளிக்கூடக் குழுவில் எழுதுவதையெல்லாம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சண்டையில் பூட்டிக் கிடந்த பாதை திறந்தது, வெளிநாட்டுச் சொந்தங்கள் பெட்டி பெட்டியாய்ச் சொக்லேட்டோடு வந்து இறங்கினார்கள், முதல் தடவையாக வீட்டுக்குள் கொம்பியூட்டர் பார்த்தோம் என்று உருகித் தள்ளுகிறீர்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உங்களுக்கு வாய்த்தது அப்படியென்றால் சந்தோசம். ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது என்று எழுதாதீர்கள்.

எனக்கு நாற்பது நெருங்குகிறது. ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேடுகிறேன். இனி யாரோடும் சண்டைக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். போன கிழமை குழுவில் ஒருத்தி, சின்ன வயதில் விளையாடிய விளையாட்டுகளில் எது மறக்க முடியாதது என்று கேட்டிருந்தாள். ஆளாளுக்குச் சிரிப்புப் படம் போட்டுப் பதில் எழுதினீர்கள். நான் எழுதவில்லை. அங்கே எழுதாததை இங்கே எழுதுகிறேன். இதில் சொக்லேட் கொஞ்சம் வரும். இனிப்பு வராது.

எங்கள் வீடு நீர்வேலியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. எங்கள் வீடு என்று நான் சொல்வதை மாமி கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். வீட்டு உறுதிப் பத்திரம் மாமாவின் பெயரில் இருந்தது. மாமா அம்மாவின் ஒரே தமையன். ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி அனுப்பிய காசில் கட்டிய வீடு அது. இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் கலியாணப் பேச்சில், இந்த வீடு தங்கச்சிக்குச் சீதனம் என்று மாமாவே சொல்லியனுப்பினார். அந்தச் சொல்லை நம்பித்தான் அப்பா வீட்டார் சம்மதித்தார்கள். எழுத்தில் போடவில்லை. பாதை பூட்டு, மாமா வர முடியாது, பிறகு பார்ப்போம் என்று போய்விட்டது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. அம்மா தன் காப்பை விற்று ஓடு போட்டாள். கதவில்லாத அறைகளுக்குக் கதவு போட்டாள். சிவப்புச் சீமெந்து நிலத்தைத் தேங்காய்ப்பூவால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிய வைத்தாள். அப்பா அதற்கு முன்பே செத்துப்போய்விட்டார். அது வேறு கதை, அதை யாருக்கும் சொல்வதாக இல்லை.

பாதை திறந்த அந்தக் கோடையில் மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமா வந்ததே வீட்டை அம்மாவின் பெயரில் எழுதிக் கொடுக்கத்தான். வந்த அன்றைக்கே, முற்றத்தில் நின்று வாயில் தண்ணீர்கூட வைக்காமல், "எழுதிப் போட்டுத்தான் போவன் தங்கச்சி. என்ரை கடமை அது" என்றார். அம்மா அழுதாள். மாமி பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெட்டி திறந்தபோது வந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. சவர்க்காரமும் சொக்லேட்டும் புதுத் துணியும் கலந்த ஒரு குளிர்ந்த வாசம். எனக்கும் அண்ணைக்கும் உடுப்பு, அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை. நீர்வேலி வெயிலுக்குக் கம்பளி! எல்லாவற்றுக்கும் அடியில், துவாயில் சுற்றித் தடித்த கறுப்பு லப்டொப் ஒன்று இருந்தது. அது யாருக்கும் பரிசில்லை. அது மாமாவினுடையது.

மாமா நல்லவர். இதை நான் நக்கலாகச் சொல்லவில்லை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணையையும் என்னையும் இரண்டு பக்கமும் இருத்தி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் என் தகப்பனாக இருந்திருக்கக் கூடாதா என்றுகூட அந்த மாதத்தில் நினைத்தேன். அதனால்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஆறவில்லை.

மாமி வேறு மாதிரி. அத்தனை வருடம் ஜெர்மனியில் இருந்தும், யாரோ தனக்குச் செய்வினை செய்துவிட்டார்கள் என்ற பயத்தை மட்டும் அவள் ஒரு நாளும் கழற்றி வைக்கவில்லை. பிள்ளையில்லாததற்கு ஒருத்தி செய்தது. இடுப்பு நோவுக்கு இன்னொருத்தி செய்தது. கையில் ஓதிக் கட்டிய நூல், இடுப்பில் தகடு, கைப்பையில் ஒரு தேசிக்காய். எங்கள் வீட்டில் அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை முதலில் மாமா குடித்த பிறகுதான் தான் குடிப்பாள். அம்மா அதைப் பார்த்தும் பாராதவள்போல் இருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா லப்டொப்பைத் திறப்பார். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. பனி மூடிய ஒரு தேசம், அதில் ஒரு மந்திரவாதிக் கிழவர், அவருடன் கூட நடக்கும் வெள்ளைச் சட்டைக்காரி ஒருத்தி. கிழவருக்குக் காயம் பட்டால் அவள் கையை வைப்பாள், காயம் ஆறும். ஊருக்கு ஊர் ஒரு வெள்ளைக் கோயில். எழுத்தெல்லாம் ஜெர்மன் மொழியில். மாமா வரிக்கு வரி எங்களுக்குத் தமிழில் சொல்வார். "இவன் கொல்லன், கத்தி தருவான். இவள் கள்ளி, கதைக்காதை." பனிக்காலத்தில் வேலை முடிந்து வந்தால் அவருக்கு வேறு துணை இருக்கவில்லையாம். வருசக் கணக்காக அந்தக் கிழவரைத்தான் நடத்தியிருக்கிறார். எங்களுக்கு மவுஸைத் தரும்போது, "என்ரை ஆளைக் கவனமாய் நடத்துங்கோ" என்பார். அந்த மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருந்தது. தூசி பிடித்தால் கழற்றி அதை நான்தான் துடைப்பேன்.

கிழவர் ஒரு பாலத்தடியில் மாட்டிக்கொண்டிருந்தார். பாலத்துக் காவலனை எந்த வெளிச்ச மந்திரத்தாலும் வெல்ல முடியாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குகை. அதற்குள் முகம் தெரியாத ஒரு வாத்தியார் இருந்தார். அவர் மூன்று கறுப்பு மந்திரம் சொல்லித்தரத் தயார். ஒன்று எதிரியின் கண்ணைக் கட்டும். மற்றது ஆளைக் கல்லாக்கும். மூன்றாவது செத்தவர்களை எழுப்பி எங்களுக்காகச் சண்டைக்கு விடும். விலையையும் வாத்தியார் மறைக்காமல் சொல்வார். படித்தால் வெள்ளைக் கோயில்கள் எல்லாம் கதவைப் பூட்டும். வெள்ளைச் சட்டைக்காரி விட்டிட்டுப் போய்விடுவாள். பிறகு எது செய்தாலும் திரும்பி வரமாட்டாள். அந்த விளையாட்டில் ஓர் ஆளுக்கு ஒரே பதிவுதான். எடுத்த முடிவு எடுத்ததுதான்.

"அப்ப ஏன் மாமா எடுக்கேல்லை?" என்று அண்ணை கேட்டான்.

"எத்தினையோ தரம் இந்த வாசலிலை வந்து நிண்டிருக்கிறன், தம்பி. ஓம் எண்டு சொல்ல மனம் வரேல்லை. விளையாட்டெண்டாலும் மனுசனுக்கு ஒரு நேர்மை வேணும். கூட வந்தவளை விட்டிட்டு அங்காலை போய் என்ன செய்யிறது?"

நம்பமாட்டீர்கள், அந்த வசனத்தை நான் பள்ளிக்கூடத்தில் போய்ச் சினேகிதிகளுக்குச் சொல்லிக் காட்டினேன். என் மாமா எப்பேர்ப்பட்டவர் என்று.

அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்கு அப்போது பதினைந்து வயது. எல்லாவற்றிலும் கோபம். கிணற்றடியில் பல் விளக்கும்போதும் வாழைக்குத் தண்ணீர் கட்டும்போதும் எங்களுக்குள் அதே வழக்குத்தான்.

"படிச்சால்தான் பாலத்தைக் கடக்கலாம். இல்லாட்டி அந்தக் கிழவன் அங்கையே நிண்டு சாகவேண்டியதுதான்."

"அவள் போயிடுவாளே, அண்ணை."

"போகட்டும். கையை வைச்சுக் காயம் மாத்திறதைத் தவிர அவள் என்னத்தைக் கிழிச்சவள்? எனக்கு அந்த மூண்டாவது மந்திரம் வேணும்."

செத்தவர்களை எழுப்பும் மந்திரம். எதற்கென்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்றே நின்றேன். மாமா எடுக்காததை நாங்கள் எடுக்கக்கூடாது என்பது மட்டும்தான் என் நியாயம். யோசித்துப் பார்த்து வந்த முடிவில்லை, பக்தி.

ஆனாலும் கீறிப் பழகினோம். கறுப்பு மந்திரம் படிக்க வேண்டுமென்றால் ஒரு குறியைக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் கீற வேண்டும். பிழையாகக் கீறினால் கிழவர் செத்துப்போவார், மாமாவின் அத்தனை வருடமும் போய்விடும். அந்தக் குறி குகைச் சுவரில் மங்கலாக இருக்கும். திரையில் மூக்கு முட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். வட்டத்துக்குள் வட்டம், அதைச் சுற்றி முள்ளுமுள்ளாய் ஏழெட்டுக் கோடு, நடுவில் சிவப்பாய் ஒரு கண். அண்ணையின் கை மரம் வெட்டுகிற கை, அவனுக்குக் கோடு வராது. எனக்கு வரும். மார்கழியில் கோலம் போடுகிறவள் நான்தான். எடுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே, கீறத் தெரியும் என்று காட்டுகிற ஆசையும் எனக்கு இருந்தது.

ஒருநாள் மாமாவும் மாமியும் மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அம்மா தோட்டத்தில். கரண்ட் இல்லை. லப்டொப்பின் பற்றரி எப்போதோ செத்துவிட்டது, கரண்ட் இல்லாமல் அது எழும்பாது. வெண்கட்டி இருந்தது, செங்கல் துண்டு இருந்தது. கண்ணில் படுகிற நிலத்தில் கீறினால் அம்மா கொல்லுவாள், அது அவள் தேய்த்த நிலம். அதனால் பெரிய அறையின் கட்டிலுக்கு அடியில் நுழைந்தோம். அம்மாவின் அறைதான், மாமாவுக்கும் மாமிக்கும் விட்டுக் கொடுத்திருந்தாள். குப்புறப் படுத்தால் சீமெந்தின் குளிர் வயிற்றில் ஏறும். நான் வெள்ளையில் வட்டங்களையும் முட்களையும் ஒரே இழுப்பில் கீறினேன். அண்ணை செங்கல் துண்டைத் தண்ணீரில் தோய்த்து நடுக்கண்ணைச் சிவப்பாக்கினான். அப்போது கரண்ட் வந்தது. விழுந்தடித்துக்கொண்டு லப்டொப்புக்கு ஓடினோம்.

அடுத்த நாள் காலையில் மாமி பெட்டி இழுக்கக் குனிந்தாள். அவள் போட்ட சத்தத்துக்குத் தோட்டத்தில் நின்றவர்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள்.

"இரத்தம்! என்ரை கட்டிலுக்குக் கீழை இரத்தத்தாலை கீறி வைச்சிருக்கு! இஞ்சேருங்கோ, நான் சொன்னனான்தானே, கேட்டியளே? வீடு எழுதுவிக்கிறதுக்கு உங்களுக்கு வசியம் வைச்சிருக்கிறாள் உங்கடை தங்கச்சி!"

வீட்டை எழுத நொத்தாரிசிடம் போவதாக இருந்த கிழமை அது. அதற்கு முந்தைய கிழமையும் போவதாகத்தான் இருந்தது. மாமாவுக்கு ஒருநாள் தலையிடி, ஒருநாள் நாள் சரியில்லை, ஒருநாள் மாமியின் தமையன் கொழும்பிலிருந்து டெலிபோன் எடுத்து ஏதோ சொன்னார். அப்போது எனக்கு இதெல்லாம் தற்செயலாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

அண்ணை உடனே சொன்னான். ஒளிக்கவில்லை. "மாமி, அதை நாங்கள்தான் கீறினது. மாமான்ரை கேமிலை வாற குறி. செங்கல்லு அது, இரத்தமில்லை. மாமாட்டைக் கேளுங்கோ."

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா கட்டிலடியில் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை. "எனக்கு உப்பிடியொரு கீறல் பார்த்த ஞாபகமில்லை" என்றார்.

வருசக் கணக்காக அந்தக் குகை வாசலில் நின்றவர்! அதை எங்களுக்குக் காட்டித் தந்ததே அவர்தான். அவருக்கு மறந்துபோயிருக்கும் என்றுதான் நான் அந்த நிமிடத்தில் நினைத்தேன். மறந்தவருக்கு ஞாபகப்படுத்தினால் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். பிள்ளைப் புத்தி.

அன்று பின்னேரமே மாமி கழிப்புக் கழிக்க ஆளைக் கூப்பிட்டாள். உங்களில் ஊரை விட்டுச் சின்னதில் போனவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் செய்வினை இருக்கிறது என்று பட்டால், மந்திரம் தெரிந்தவர் ஒருவர் வந்து தேசிக்காய் வெட்டி, தலையைச் சுற்றி, அந்தத் தோஷத்தை எடுத்துக்கொண்டுபோய்ச் சந்தியில் போடுவார். வந்தவர் மெலிந்த உடம்பு, கையில் ஒரு ரெக்சின் பை. வாசலில் வைத்தே மூக்கை உறிஞ்சி, "ஓம், இருக்குது" என்றார். சாம்பிராணிப் புகையில் எங்களுக்குக் கண் எரிந்தது. வேலிக்கு அங்கால் அயல் சனம் வரிசையாக நின்றது. சமாதான காலத்தில் சனத்துக்குப் பொழுதுபோக்குக் குறைவு.

கட்டிலை நகர்த்தி, குறியைப் பார்த்தவுடன் அவர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். "ஆரிட்டைப் பழகினனீங்கள்?"

அம்மா நடு அறையில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி நின்றாள். "பிள்ளையள் விளையாட்டிலை பார்த்துக் கீறினதெண்டு சொல்லுதுகள். எனக்கு வேறை ஒண்டும் தெரியாது."

"அப்ப அந்த விளையாட்டைக் காட்டச் சொல்லுங்கோ பார்ப்பம்" என்றாள் மாமி.

அண்ணை லப்டொப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கரண்ட் இருந்தது, அது ஒன்றுதான் அன்றைக்கு எங்கள் பக்கம். கிழவரைக் குகைக்குள் நடத்திப் போனான். மந்திரகாரர், மாமி, அம்மா, மாமா, வேலி தாண்டி உள்ளே வந்துவிட்ட இரண்டு மூன்று பேர், எல்லோரும் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"எங்கை? கறுப்பாய் ஒரு சுவர்தான் தெரியுது" என்றாள் மாமி.

"வடிவாய்ப் பாருங்கோ, மங்கலாய்த் தெரியும்."

"ஒண்டும் தெரியேல்லை. பொய் சொல்லுதுகள். தாய் பழக்கி விட்டிருக்கிறாள்."

பின்னேர வெயில் வெளிச்சத்தில் உண்மையாகவே தெரியவில்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. வாத்தியாருக்கு ஓம் என்று சொன்னால், திரை முழுவதும் இருட்டாகிக் குறியைக் கீறச் சொல்லும். சரியாகக் கீறினால் அது வெள்ளையும் சிவப்புமாய்ப் பற்றியெரியும். எந்தக் குருடனுக்கும் தெரியும். குகையைக் காட்டித் தரும்போது வாத்தியாரின் எழுத்தை வாசித்து மாமாவே சொன்னது இது.

அண்ணை என்னைப் பார்த்தான். அவன் கீறினால் பிழையாகும். மவுஸை என் பக்கம் தள்ளினான்.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னால் போதும். அது நான் பார்த்த குறிதான், என்ரை விளையாட்டுத்தான் என்று ஒரு வார்த்தை. சொன்னால் நான் ஓம் என்று சொல்லத் தேவையில்லை, அவருடைய ஆளும் தப்பும், அம்மாவும் தப்புவாள். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மெல்ல இல்லை என்று ஆட்டினார். வேண்டாம், எடுக்காதே என்று.

அந்தத் தலையாட்டலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பதின்மூன்று வயதில் எவ்வளவு விளங்குமோ அவ்வளவு. வாத்தியார் இன்னொரு தடவை கேட்டார். ஜெர்மன் மொழியில் ஓம் எது என்று எனக்குத் தெரியும். அமத்தினேன்.

திரை கறுத்தது. கீறினேன். வட்டம், உள்வட்டம், முட்கள், கண். கை எடுக்கவில்லை, ஓரிடத்திலும் நிற்கவில்லை. முடிந்ததும் குறி பற்றியெரிந்தது. கட்டிலுக்கடியில் இருந்த அதே குறி, கோடு மாறாமல். பின்னால் நின்றவர்கள் ஒரேயடியாய் மூச்சிழுத்தார்கள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே, சிரித்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

விளையாட்டில் எங்கேயோ மணி அடித்து நின்றது. வெள்ளைக் கோயில்களின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. வெள்ளைச் சட்டைக்காரி கிழவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பனிக்குள் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐயோ!" என்று மாமா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "ஆரடி உன்னை ஓம் எண்டு சொல்லச் சொன்னது? எத்தினை வருசம் கூட வந்தவள்! போட்டாள், போட்டாள்!" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. தங்கச்சி பக்கத்தில் நிற்கிறாள், அவள் தலையில் ஊரே கல்லைத் தூக்கிப் போடுகிறது, இவர் பனிக்குள் போன பொம்மைக்கு அழுகிறார்.

மந்திரகாரர் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கவனிச்சியளே? இந்தப் பிள்ளையின்ரை கை ஒரு இடத்திலையும் நடுங்கேல்லை. இது பழகின கை. உது மலையாளத்து வேலை. பெட்டிக்குள்ளை வைச்சுப் பழக்கியிருக்கு."

அவ்வளவுதான். நான் கொண்டுவந்த சாட்சி அம்மாவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மாமி தலையில் அடித்துக்கொண்டு, "பிள்ளையளைக் கொண்டு செய்விச்சிருக்கிறாள்!" என்று குழறினாள். வேலியடியில் நின்ற ஒருத்தி தன் கைக்குழந்தையின் முகத்தைச் சேலையால் மூடினாள்.

அம்மா தமையனிடம் போனாள். "அண்ணை, உது உங்கடை பெட்டி. உங்கடை விளையாட்டு. ஒருக்காச் சொல்லுங்கோ."

மாமா லப்டொப்பை மூடினார். "நான் உதை ஒருநாளும் தொட்டதில்லை" என்றார்.

உண்மைதான். அவர் தொட்டதில்லை. வாழ்நாளில் தன்னிடமிருந்த ஒரே ஒரு சுத்தத்தைச் சபைக்கு முன்னால் எடுத்துக் காட்டினார், அம்மாவை அதற்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு. வருகிறேன் என்று சொன்ன நாள்முதல் அவர் வீட்டை எழுதிக் கொடுக்காமல் தப்ப ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். இல்லையென்று சொல்லும் துணிவு அவருக்கு இல்லை. மாமியை எதிர்க்கும் துணிவும் இல்லை. நாங்கள் கீறிய குறி அவருக்குக் கதவு திறந்துவிட்டது. இனித் தங்கச்சிதான் பிழை, சொல்லை மீறியவர் அவரில்லை.

மந்திரகாரர், வைரவர் கோயிலில் கற்பூரம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் செய்தால் அம்மா சொல்வதை நம்பலாம் என்றார். சனமும் அதையே சொன்னது. அம்மா மாட்டேன் என்றாள்.

"பிள்ளையள் கீறின படத்துக்கு நான் ஏன் சாமியைக் கூப்பிட வேணும்? அண்ணை சொல்லட்டும், அது எனக்குக் காணும்."

மாமா சொல்லவில்லை. சத்தியத்துக்கு வராததே சாட்சி என்று ஊர் முடிவு கட்டியது.

மாமாவும் மாமியும் அடுத்த நாளே மாமியின் ஊருக்குப் போய், அங்கிருந்தே கொழும்புக்குப் போனார்கள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி மாமியின் தமையன் வந்து சொன்னார். பெட்டி கட்டிய அன்று பின்னேரம், சட்டி பானைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டே அம்மா என்னிடம் கேட்டாள். "அந்த மந்திரம் என்னதான் செய்யும்?"

"ஒண்டு செத்த ஆக்களை எழுப்பும்."

அம்மாவின் கை நின்றது. "எழும்பி வந்தால் கதைப்பினமோ?"

"இல்லை. சண்டை மட்டும் பிடிப்பினம்."

"அப்ப என்னத்துக்கு" என்றுவிட்டுச் சாக்கின் வாயைக் கட்டினாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்றைக்குமில்லை, பிறகுமில்லை.

அரியாலையில் கடல்நீரேரிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். உப்புக் காற்றில் யன்னல் கம்பிகள் துருப்பிடித்த வீடு. நீர்வேலியில் கலியாண வீடு என்றால் அரியதரம், பயற்றம் பணியாரம் என்று பலகாரம் சுட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. சொந்தத்துக் கலியாணம் ஒன்றுக்குப் போனபோது, மணவறைப் பக்கம் அம்மா போகாமல் ஒருத்தி கையைப் பிடித்து ஓரமாக இருத்தினாள், சிரித்துக்கொண்டே. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களில் இரண்டு இடம், நீர்வேலியில் விசாரித்துவிட்டுப் பேசாமல் நின்றுவிட்டது. அண்ணை கப்பலேறிப் போனான், இப்போதும் கடலில்தான் இருக்கிறான். மாமாவின் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டை மாமி ஒருநாளும் அனுபவிக்கவில்லை. விற்கவும் பயம், இருக்கவும் பயம். பூட்டிப்போட்டார்கள். நான் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது பார்த்திருக்கிறேன். அம்மா போட்ட ஓடுகள் உள்ளே விழுந்து, நடு அறையில் ஏதோ மரம் முளைத்திருக்கிறது. பார்த்து எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. நல்ல குணமில்லை என்று நீங்கள் சொல்லலாம்.

போன மாதம் மாமா டெலிபோன் எடுத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. குரல் மெலிந்துபோயிருந்தது. மாமி செத்துப்போனாளாம். தனியாக இருக்கிறாராம்.

"அந்த வீட்டை உங்கடை பேரிலை எழுதிறன், பிள்ளை. எனக்கு வேறை ஆர் இருக்கினம்? அப்பவே எனக்குத் தெரியும், அது பிள்ளையளின்ரை விளையாட்டு எண்டு."

"தெரிஞ்சுகொண்டு ஏன் மாமா பேசாமல் நிண்டனீங்கள்?"

"மாமியின்ரை குணம் உங்களுக்குத் தெரியும்தானே. நான் என்ன செய்யிறது? பழசை விடு பிள்ளை. கொம்மாட்டைக் குடு."

நாலு வசை என் வாயில் தயாராக இருந்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் நானில்லை. சத்தத்தைக் கூட்டி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கதிரையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மடியிலிருந்த கீரையை ஒதுக்கிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். மாமா அழுதுகொண்டே எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். வீடு உனக்குத்தான் தங்கச்சி, முந்தியும் உனக்குத்தான். அம்மா குறுக்கிடாமல் கேட்டாள்.

"வீடு வேண்டாம் அண்ணை" என்றாள் கடைசியில். "நான் செய்யேல்லை எண்டு அந்தச் சனத்துக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அது காணும்."

மாமா மூக்கை உறிஞ்சினார்.

"ஆருக்கு, தங்கச்சி? அண்டைக்கு நிண்ட ஆக்களிலை இப்ப ஆர் இருக்கினம்? பாதிப்பேர் செத்துப்போச்சினம். மிச்சம் கனடா, லண்டன். ஆரைத் தேடிப் பிடிச்சுச் சொல்லுறது?"

"அப்ப வீட்டையும் நீங்களே வைச்சிருங்கோ" என்றாள் அம்மா.

போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கீரையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார், ஓட்டைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும். நான் நிற்பாட்டினேன்.